குடும்பத்தோடு சரணாலயம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: காடும் விசுவாசமும்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் வருடத்துக்கு ஒருமுறையாவது வனவிலங்கு சரணாலயத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன்பும், திரும்பி வரும் வண்டியிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. சில, செருப்பும் தண்ணீரும் பற்றியவை. சில, கேட்டவரை ராத்திரி தூங்கவிடாதவை. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, நான் சொல்லிவரும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

சரணாலயமும் மிருகக்காட்சிசாலையும் ஒண்ணுதானே?

இல்லை. மிருகக்காட்சிசாலையில் விலங்கு கூண்டுக்குள் இருக்கும், நாம் வெளியே நிற்போம். சரணாலயத்தில் அது தன் வீட்டில் இருக்கிறது, நாம்தான் விருந்தாளி. அது கண்ணில் படலாம், படாமலும் போகலாம். இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பாதி ஏமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரணாலயம் என்றால் புகலிடம். வேதம் வாசிக்கிறவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. கைதவறிக் கொலை செய்தவன் ஓடி ஒளிய ஆறு அடைக்கலப்பட்டணங்களைக் குறித்துவைக்கும்படி எண்ணாகமம் 35-இல் கட்டளை இருக்கிறது. துரத்துகிறவன் கை நீள முடியாத எல்லை அது. பெயர்ப்பலகை வைத்த இந்தக் காட்டெல்லையும் அப்படித்தான்.

எந்த நேரத்துக்குப் போகணும்? சின்னக் குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாமா?

விடியற்காலை, இல்லையென்றால் சாயங்காலம். சங்கீதம் 104 இதை அழகாகச் சொல்கிறது: இருட்டினதும் காட்டு ஜீவன்கள் நடமாடும், சூரியன் உதித்ததும் அவை ஒதுங்கித் தங்கள் தாபரங்களில் படுத்துக்கொள்ளும், அப்போது மனுஷன் வேலைக்குப் புறப்படுவான். அவற்றுக்கு ஒரு ஷிஃப்ட், நமக்கு ஒரு ஷிஃப்ட். இரண்டும் உரசிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. உச்சிவெயிலில் போனால் மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நீண்ட வண்டிச் சவாரி வேண்டாம் என்பது என் கருத்து. நீர்நிலையும் பறவைகளும் உள்ள சரணாலயமென்றால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அங்கே பார்க்க எப்போதும் ஏதாவது இருக்கும், அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மங்கலான நிறத்தில் உடை, தொப்பி, தேவைக்கு மேல் தண்ணீர், முடிந்தால் ஒரு பைனாகுலர். சென்ட் வேண்டாம். வாசலில் உள்ள விதிகளைப் பெற்றோர் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், பிள்ளைகள் காதில் விழட்டும்.

போறதுக்கு முன்னாடி வேதத்துல எதை வாசிக்கணும்?

மூன்று பகுதிகள் போதும். சங்கீதம் 104, யோபு 38-ஆம் அதிகாரத்தின் கடைசியும் 39 முழுவதும், லூக்கா 12:22 முதல் 31 வரை. ஒரே நாளில் மூன்றையும் வாசிக்க வேண்டாம். போவதற்கு முந்தின வாரமே ஆரம்பித்து, சாப்பிட உட்காரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாசியுங்கள்.

லூக்காவில் ஒன்றைக் கவனியுங்கள். கவலைப்படாதிருங்கள் என்று போதிக்கும்போது இயேசு மத்தேயுவில் "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்கிறார். லூக்காவில் அவர் காட்டுவது காகத்தை. லேவியராகமம் 11-இன்படி காகம் சாப்பிடக் கூடாத, அசுத்தமான பறவை. கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு அது உயர்ந்த உதாரணமாகப் பட்டிருக்காது. அதையும் தேவன் பிழைப்பூட்டுகிறார் என்கிறார். மயில் தெரிந்தால்தான் கேமராவை எடுப்போம் என்கிற நமக்கு இது தேவையான பாடம்.

இன்னொன்று. "கவனித்துப்பாருங்கள்" என்பது கட்டளை. ஜெபம் பண்ணுங்கள் என்று சொன்னவர்தான் இதையும் சொன்னார். ஜெபத்துக்கு நேரம் ஒதுக்குகிறோம். பறவையைப் பார்க்க நேரம் ஒதுக்கினால் மட்டும் ஏன் அது வீண்பொழுதாகத் தோன்றுகிறது?

மூணு மணி நேரம் சுத்தினோம், ஒண்ணுமே தெரியலை. பணமும் நேரமும் வீண்தானே?

இதைக் கேட்காத வருடம் இல்லை. ஒருமுறை யானை பார்க்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டிப் போனேன். யானை வரவில்லை. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்வைக் கோபுரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஏரிக்குள் ஒரு மரம், அதில் நாரைக்கூடு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தாய் நாரை கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்தது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள் நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் வெயில் விழும் பக்கம் மாறியது, நாரையும் ஒரு அடி நகர்ந்து நின்றது. அப்புறம் இன்னொரு நாரை பறந்து வந்து, கொண்டுவந்த தண்ணீரைத் தன் அலகிலிருந்து குஞ்சுகளின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "அதுக்குச் சுடாதா?"

சங்கீதம் 91-இல் "அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்" என்ற வரியை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். நிழல் தருகிறவரின் முதுகில் வெயில் விழும் என்பதை நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். எபிரெய மொழியில் நாரையின் பெயர் ஹசீதா. மாறாத அன்பைக் குறிக்கும் ஹெசெத் என்ற சொல்லோடு உறவுள்ள பெயர் அது. பழங்காலத்து மக்கள் இந்தப் பறவையைக் கூட்டருகே நின்று பார்த்துத்தான் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே, பார்க்க வேண்டியவற்றின் பட்டியலோடு போகாதீர்கள். பட்டியலில் இருப்பது வராவிட்டால், எதிரே நிற்பதும் கண்ணில் படாது.

ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆராதனைக்குப் போகாம காட்டுக்குப் போனா தப்பா?

சனிக்கிழமை போங்கள், இல்லையென்றால் ஆராதனை முடிந்து மத்தியானத்துக்கு மேல் கிளம்புங்கள். சாயங்கால நேரம் எப்படியும் நல்லதுதான் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அவசரத்துக்கு ஒரு ஞாயிறு தவறினால் தேவன் கணக்கெழுதிக்கொண்டு நிற்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "காடுதான் எனக்கு ஆலயம், சபை எதற்கு" என்று பேச ஆரம்பித்தால் அது வேறு விஷயம். மரம் உங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்காது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும், உங்களுக்குப் பிடிக்காத அந்த மனிதரைப் பற்றியும் கேட்காது. சபை கேட்கும்.

அங்கே கூடிப் பாட்டுப் பாடி ஜெபிக்கலாமா?

பாட்டை வண்டியிலேயே பாடி முடித்துவிடுங்கள். உள்ளே கைத்தட்டும் ஸ்பீக்கரும் கூடவே கூடாது. கூட்டில் அடைகாக்கும் பறவை சத்தத்துக்குப் பயந்து எழுந்தால், அந்த இடைவெளியில் முட்டை வெயிலில் காயும், காகம் கொத்தும். நம் துதியால் ஒரு குஞ்சு சாகக் கூடாது. மற்ற மதத்தினரும் அமைதியைத் தேடி அங்கே வந்திருப்பார்கள், அவர்களையும் நினைக்க வேண்டும்.

நாங்கள் செய்வது இது. ஓரிடத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருப்போம். முதல் மூன்று நிமிடம் பிள்ளைகள் நெளிவார்கள். அதற்குப் பிறகு காதில் விழ ஆரம்பிக்கும். வெளியே வந்து, எத்தனை விதமான சத்தம் கேட்டீர்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு எண் சொல்வார்கள். அந்தச் சத்தங்களுக்காக ஒரு வரியில் நன்றி சொல்லி ஜெபிப்போம்.

என் பொண்ணு குரங்குக்கு பிஸ்கட் போட்டா. காவலர் திட்டிட்டார். இரக்கம் காட்டுறது நல்லதுதானே?

பிள்ளையின் மனசு நல்லது, செயல் நல்லதல்ல. கைநீட்டி வாங்கிப் பழகிய குரங்கு அடுத்து வருகிற குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும், கடிக்கும். தீனிக்காகச் சாலையோரமே உட்கார்ந்திருந்து வண்டியில் அடிபடும். நம்மிடமிருந்து அதற்கும், அதனிடமிருந்து நமக்கும் நோய் தொற்றும். தூக்கிப் போட்ட கவரை மான் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

பிள்ளையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அதுக்கு ஆகாரம் கொடுக்க ஒருத்தர் இருக்கார், நாம அந்த வேலையைப் பிடுங்க வேண்டாம்." தேவன் பறவைக்கு ஊட்டுகிறார் என்று இயேசு சொன்னார், ஆனாலும் பறவை கூட்டில் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பதில்லை. நாள் முழுக்கத் தேடி அலைகிறது. தேடும் திறமையும் அவர் கொடுத்ததுதான். பிஸ்கட் அந்தத் திறமையை மழுங்கடிக்கிறது.

"ஆண்டுகொள்ளுங்கள்"னு ஆதியாகமத்துலயே இருக்கு. அப்புறம் மிருகத்துக்காக மனுஷன் ஏன் இடம் விடணும்?

ஆதியாகமம் 1:28-ஐ வாசிக்கிறவர்கள் ஆறு வசனம் முன்னே போய்ப் பார்க்க வேண்டும். "பலுகிப் பெருகுங்கள்" என்ற ஆசீர்வாதம் மனுஷனுக்கு முன்பே, ஐந்தாம் நாளில், மீனுக்கும் பறவைக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. முந்தி வாங்கினவர்களின் ஆசீர்வாதத்தைப் பிந்தி வந்தவன் பறிக்கலாமா? அடுத்த அதிகாரத்தில் ஆதாமுக்குக் கிடைத்த வேலை, தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும்.

நியாயப்பிரமாணத்தில் விவரமாகவே இருக்கிறது. உபாகமம் 22-இல், வழியில் கூடு கண்டால் குஞ்சுகளோடு தாயையும் பிடிக்காதே, தாயைப் போகவிடு என்கிறது. யாத்திராகமம் 23:11-இல் ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா விடச் சொல்கிறது. விளைவதை எளியவர்கள் சாப்பிட வேண்டும், மீந்ததை வெளியின் ஜந்துக்கள் தின்ன வேண்டும். காட்டு விலங்குக்கென்று நிலத்தில் ஒரு பங்கு. இதை வாசித்த பிறகும் சரணாலயம் வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

விசுவாசிகள் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் ஃபார்ன் தீவில் தனித்து வாழ்ந்த துறவி கத்பர்ட், அங்கே கூடுகட்டும் ஈடர் வாத்துகளை யாரும் தொடக்கூடாது என்று காத்ததாகச் சொல்வார்கள். அந்த வாத்துக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் அவர் பெயர்தான். 1824-இல் லண்டனில் விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தைத் தொடங்கக் கூட்டம் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற போதகர். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸும் அதில் இருந்தார். சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கே போனார். 1983-இல் போர்ச்சுகலில் ஒரு கழிமுகத்துப் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கிய ‘ஆ ரோஷா’ என்ற கிறிஸ்தவ அமைப்பு இன்று பல நாடுகளில் வேலை செய்கிறது.

இயற்கையை இவ்வளவு ரசிச்சா அது இயற்கையை வணங்குறது ஆயிடாதா?

ரோமர் 1-இல் இரண்டு பக்கமும் இருக்கிறது. 20-ஆம் வசனம், உண்டாக்கப்பட்டவற்றால் தேவனுடைய வல்லமை காணப்படும் என்கிறது. 25-ஆம் வசனம், சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியைத் தொழுததைக் கண்டிக்கிறது. எல்லை இரண்டுக்கும் நடுவில். அம்மா செய்த சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறவன் அம்மாவை மறந்துவிட்டான் என்று யாரும் சொல்வதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறவனைத்தான் சொல்வார்கள்.

வழிகாட்டி, மானுக்கும் திமிங்கிலத்துக்கும் முன்னோர் ஒண்ணுனு சொன்னார். பையன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல?

வழிகாட்டியோடு அங்கேயே வாதம் பண்ணாதீர்கள். அவர் தான் படித்ததைச் சொல்கிறார். எலும்பும் மரபணுவும் அந்த உறவைத்தான் காட்டுகின்றன என்பது உயிரியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். ஆதியாகமத்தின் நாட்களைக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரேவிதமாக வாசிப்பதில்லை. அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தேவன் நீண்ட காலத்தில், இப்படிப்பட்ட வழியில் உண்டாக்கினார் என்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். என் மூத்த சகோதரர் முதல் பக்கம். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

பையனிடம் பொய்யான உறுதி காட்டாதீர்கள். 5-ஆம் நூற்றாண்டிலேயே அகஸ்தீன் என்ற ஆயர் எச்சரித்தார்: இயற்கையைப் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் பேசினால், விவரம் தெரிந்தவர்கள் வேதத்தையே நம்பாமல் போவார்கள். "எனக்கும் முழுசாத் தெரியாது, ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்று சொல்லும் அப்பாவைப் பையன் பத்து வருடம் கழித்தும் தேடி வருவான்.

என் பெரிய பையன் சபைக்கே வர்றதில்லை. சரணாலயம் போகலாம்னா "அங்கேயும் பிரசங்கம் பண்ணுவீங்க"ங்கிறான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கலாம். பிரசங்கம் இல்லை என்று வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு வசனம் என்று ஒட்டிக்கொண்டே போனால் பறவையும் போகும், வசனமும் போகும். அவன் கையில் பைனாகுலரும், பறவைகளைக் குறித்து வைக்கிற வேலையும் இருக்கட்டும். பக்கத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். கவனித்துப்பார்க்கும் கட்டளைக்கு அவன் உங்களுக்கு முன்பே கீழ்ப்படிந்திருப்பான்.

காட்டுநாய்கள் மான்குட்டியைப் பிடிச்சதை என் சின்னவன் பார்த்துட்டான். "இயேசப்பா ஏன் விட்டார்?"ங்கிறான்.

முதலில் அவனை அணைத்துக்கொள்ளுங்கள். பதில் அப்புறம். "அது அப்படித்தான்" என்று தட்டிக்கழிக்க வேண்டாம், அழக்கூடாது என்றும் சொல்ல வேண்டாம். அழவேண்டிய காட்சிதான் அது.

வேதத்தில் இதற்கு ஒரே குரலில் பதில் கிடையாது. ஆதியாகமம் 1:30-இல் மிருகங்களுக்கெல்லாம் பூண்டுதான் ஆகாரம். ஏசாயா 11-இல் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகத் தங்கும் நாள் வருகிறது. ஆனால் சங்கீதம் 104, "பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து, தேவனால் தங்களுக்கு ஆகாரம் கிடைக்கும்படித் தேடும்" என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் பாடுகிறது. சிங்கத்தின் பசியும் அவருக்கு முன்னால் ஒரு விண்ணப்பம். பாய்ந்து வேட்டையாடும் சிங்கம் பாதிக்கு மேலான தடவை வெறுங்கையோடுதான் திரும்புகிறது. அதன் குட்டிகளும் பட்டினியால் சாகின்றன. மானுக்காக அழும்போது அந்தக் குட்டிகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவிக்கிறது, பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் ரோமர் 8-இல் எழுதினார். வலி உண்மை, ஆனால் அது ஒரு பிறப்பை நோக்கிய வலி. நான் பற்றிக்கொண்டிருப்பது இதைத்தான். சின்னவனுக்கு இவ்வளவும் வேண்டாம். "இயேசப்பாவுக்கும் அந்தக் குட்டியைத் தெரியும்" என்றால் போதும்.

செத்த மிருகம் பரலோகம் போகுமா?

போகும், போகாது என்று வேதம் நேராகச் சொல்லவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பிறகு தேவன் செய்த உடன்படிக்கை நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களோடும்தான் என்பது ஆதியாகமம் 9-இல் திரும்பத் திரும்ப வருகிறது. யோனாவின் புத்தகத்தில், நினிவே பட்டணத்துக்கு இரங்கினபோது அங்கிருந்த "அநேக மிருகஜீவன்களும்" அவர் கணக்கில் இருந்தன. இப்படி நினைவில் வைத்திருக்கிறவர் கையில் அதை விட்டுவிடுகிறேன்.

எங்க வீட்டுல ஒரு சாவு. அடைக்கலான் குருவி வசனம் சொல்லாதீங்க, அந்தக் குருவி விழத்தானே செஞ்சது? இந்த நேரத்துல காட்டுக்குப் போய் என்ன ஆகப்போகுது?

விழுந்தது உண்மை. அந்த வசனம், குருவி விழாது என்று சொல்லவே இல்லை. மத்தேயு 10:29-இல் நம் தமிழில், "உங்கள் பிதாவின் சித்தமில்லாமல்" ஒரு குருவியும் தரையிலே விழாது என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் "சித்தம்" என்ற சொல் கிடையாது, "உங்கள் பிதா இல்லாமல்" என்று மட்டும்தான் உண்டு. விழும் இடத்தில் அவரும் இருக்கிறார் என்று நான் அதை வாசிக்கிறேன். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. ஐந்தாவது குருவி சும்மா போட்டது, கடைக்காரன் விலையே வைக்காதது. "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று இயேசு சொன்னபோது அதுவும் சேர்த்தி. அந்தக் குருவியின் தமிழ்ப் பெயரிலேயே அடைக்கலம் இருப்பதை எண்ணிக்கொள்வேன்.

போய் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பிள்ளைகள் பத்துப் பேரையும் புதைத்த யோபு, ஏன் என்று கேட்டான். தேவன் ஏன் என்று சொல்லவில்லை. சிங்கம், காகம், காட்டுக்கழுதை, தீக்குருவி (நெருப்புக்கோழி), கழுகு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ? மான்கள் குட்டிபோடுகிறதைக் கவனித்தாயோ?" என்று கேட்டார். பல வருடம் இது எனக்குக் கொடுமையான பதிலாகப் பட்டது. என் அம்மா போன மாதத்தில் தனியாக ஒரு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். ஆறுதல் என்று எதுவும் வரவில்லை. ஆனால் நீர்க்காகம் ஒன்று மூழ்கி, வேறு எங்கோ தலைகாட்டி, மறுபடி மூழ்கிக்கொண்டிருந்தது. அடுத்து எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பல நாள் கழித்து அன்று மூச்சை நன்றாக இழுத்து விட்டிருந்தேன்.

அதனால் உங்கள் வீட்டில் துக்கத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கூப்பிட்டு மட்டும் பாருங்கள். வந்தால் கூட்டத்தோடு சேர்க்காமல், ஒருவர் மட்டும் கூட உட்காருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்ததுதான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். தண்ணீரும் குடையும் எடுத்துப் போங்கள், நிழலான இருக்கையாகப் பாருங்கள். எப்போது கிளம்பலாம் என்பதை அவரே சொல்லட்டும்.